ஃப்ளாப் ஆபரேஷன் முடிஞ்சாச்சு, ட்யூபை எப்போ எடுக்கறது?

வாய், நாக்கு, தாடை கேன்சரை வெட்டி எடுத்துட்டு முன்கையில இருந்தோ தொடையில இருந்தோ சதை எடுத்து வச்சு தைக்கற பெரிய ஆபரேஷன்கள்ல மயக்கம் குடுக்கற டாக்டரா பல வருஷமா நிக்கறேன். ஜூனியர்ஸ் வந்து கேக்கறது பெரும்பாலும் மூச்சு ட்யூபை (வாய் இல்ல மூக்கு வழியா மூச்சுக்குழலுக்குள்ள போற குழாய்) எப்படி உள்ள போடறது, எந்த ஸ்கோப் நல்லது, வாயே திறக்கலன்னா என்ன பண்றதுன்னு தான். அதெல்லாம் முக்கியம் தான், சொல்றேன். ஆனா இந்த கேஸ்கள்ல எனக்கு ரொம்ப யோசனை வர்ற இடம் அது இல்ல, 8-10 மணி நேரம் கழிச்சு எல்லாரும் களைச்சுப் போயிருக்கும்போது அந்த ட்யூபை என்ன பண்றதுன்னு எடுக்கற முடிவு தான். அதை கட்டியோட சைஸை மட்டும் வச்சு எடுக்க முடியாதுங்க, அன்னிக்கு ராத்திரி அந்த பெட் பக்கத்துல யார் நிக்கப் போறாங்கங்கறதையும் சேர்த்து வச்சு தான் எடுக்கணும்.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். ஃப்ரீ ஃப்ளாப்னா உடம்புல வேற இடத்துல இருந்து தோல், சதை, தேவைப்பட்டா எலும்பு, இதெல்லாம் அதோட ரத்தக்குழாயோட சேர்த்து எடுத்து வந்து கழுத்துல இருக்கற ரத்தக்குழாயோட மைக்ராஸ்கோப் வச்சு இணைக்கறது. நாக்குக்கு முன்கை சதை மெல்லிசா நல்லா வரும், பெரிய ஓட்டைக்கு தொடை, தாடை எலும்புக்கு கால்ல இருக்கற ஃபிபுலா. இப்போ யோசிச்சுப் பாருங்க, காலையில நான் பார்த்த வாயும் தொண்டையும் சாயங்காலம் அதே மாதிரி இருக்காது. புதுசா ஒரு சதை உள்ள உக்காந்திருக்கு, அது இனிமே தான் வீங்கப் போகுது, முதல் ரெண்டு மூணு நாள் வீக்கம் ஏறிட்டு தான் இருக்கும், கழுத்துல நெறிக்கட்டிகளை எடுத்ததால நீர் வடியற பாதையும் போச்சு. ரெண்டு பக்கமும் எடுத்திருந்தா முகமே வீங்கும், குரல்வளை மேலயும் வீக்கம் இறங்கும். காலையில ஈசியா ட்யூப் போன ஆள் தானே, தேவைப்பட்டா திரும்ப போட்டுக்கலாம்னு சாயங்காலம் யாராவது சொன்னா நான் ஒத்துக்கறதே இல்ல.

உள்ள போடற கதையை முதல்ல முடிச்சுடறேன். முந்தின நாள் பேஷன்ட்டை நானே போய் பார்ப்பேன், வேற யாராவது எழுதின நோட்டை நம்பி தியேட்டருக்குப் போக மாட்டேன். வாய் எத்தனை விரல் திறக்குது, அதை விட முக்கியமா ஏன் திறக்கலன்னு பார்க்கணும். வலியால திறக்கலன்னா மயக்கம் குடுத்ததும் தளரும், ஆனா வாயோட உள்தோல் இறுகிப் போற சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸாலயோ ரேடியேஷனாலயோ இல்ல கட்டி மெல்லற தசைக்குள்ள போனதாலயோ இறுகியிருந்தா எந்த மருந்து குடுத்தாலும் ஒரு மில்லிமீட்டர் கூட கூடாது. ரெண்டும் கலந்து இருக்கற ஆளுங்க தான் நிறைய, அதனால தளரும்னு பந்தயம் கட்டக் கூடாது. மல்லாந்து படுக்க முடியுதா, ராத்திரி எத்தனை தலகாணி வைக்கிறாங்க, குரல் மாறியிருக்கா, இந்த மூணு கேள்வியும் கேட்டே ஆகணும். சிடி ஸ்கேனை ரிப்போர்ட்டா படிக்காம படமா பார்க்கணும், நாக்கோட அடிப்பகுதி எங்க நிக்குது, மூச்சுக்குழல் நடுவுல இருக்கா தள்ளியிருக்கான்னு நம்ம கண்ணாலயே தெரிஞ்சுக்கலாம். முன்னாடி ரேடியேஷன் வாங்கின கழுத்துன்னா கைய வச்சுப் பாருங்க, பலகை மாதிரி இருக்கும், கிரிக்கோதைராய்டு சவ்வு (குரல்வளைக்கு முன்னால, அவசரத்துக்கு கழுத்து வழியா ட்யூப் போடற இடம்) தட்டுப்படவே படாது, அந்த மாதிரி ஆளுக்கு அல்ட்ராசவுண்ட் வச்சு கண்டுபிடிச்சு மார்க்கர்ல கோடு போட்டுட்டு தான் மயக்கமே ஆரம்பிக்கணும். போன தடவை ஆபரேஷன்ல ட்யூப் ஈசியா போச்சுன்னு பழைய சார்ட்ல இருந்தாலும், நடுவுல ரேடியேஷன் நடந்திருந்தா அந்த சார்ட்டுக்கு மதிப்பு கம்மி.

சந்தேகம் இருந்தா முழிச்சிருக்கும்போதே மூக்கு வழியா ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் (உள்ள பார்க்கற மெல்லிசான வளையற குழாய்) வச்சு ட்யூபை போடறது தான் என் பழக்கம். இது நல்லா நடக்கறதும் நடக்காததும் மரக்கடிக்கற மருந்துல தான் இருக்கு, ஸ்கோப் ஓட்டற கை திறமை எல்லாம் அதுக்கு அப்புறம். மூக்குல சைலோமெட்டசோலின் சொட்டு விட்டு, எச்சில் குறைய கிளைக்கோபைரோலேட் குடுத்து, மரக்கடிக்க லிக்னோகெய்ன் போட்டு, அது வேலை செய்ய நேரம் குடுத்து காத்திருக்கணும், இந்த காத்திருக்கற விஷயத்துல தான் எல்லாரும் அவசரப்படறாங்க. இதுவரைக்கும் குடுத்த லிக்னோகெய்ன் மொத்தம் எவ்வளவுன்னு கணக்கு வச்சுக்கிட்டே வாங்க, டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டியோட (கஷ்டமான மூச்சுப்பாதைக்கு வழிமுறை எழுதற இங்கிலாந்து டாக்டர் அமைப்பு) 2020 கைட்லைன் சொல்ற உச்சபட்சம் கிலோவுக்கு 9 மி.கி., அதுவும் கொழுப்பில்லாத எடைக்கு கணக்கு, 50 கிலோன்னா 450 மி.கி., ஸ்ப்ரே, நெபுலைசர், ஊசி எல்லாம் சேர்த்து தான் அந்த கணக்கு. 4 சதவீத மருந்துல ஒரு மில்லியில 40 மி.கி. இருக்கு, கேன்சரால இளைச்சுப் போன ஆளுங்க இவங்க, சீக்கிரமே அந்த எல்லையைத் தொட்டுடுவோம். மயக்க மருந்து கொஞ்சமா தான், பேச்சு நிறைய. ஒரு ஆள் நியமிச்சு பேஷன்ட் கைய பிடிச்சுட்டு பேசிட்டே இருக்க சொல்லுவேன், அடுத்து என்ன நடக்கப் போகுதுன்னு ஒவ்வொண்ணா அவங்க காதுல விழணும். மூச்சு விடும்போதே கர்ர்னு சத்தம் வர்ற நிலையில வந்தவங்களுக்கு இந்த ஸ்கோப் விளையாட்டே வேண்டாம், பாதி உக்கார வச்சு கழுத்துல மட்டும் மரக்கடிச்சு சர்ஜன் ட்ரக்கியாஸ்டமி (கழுத்துல ஓட்டை போட்டு மூச்சுக்குழலுக்குள்ள நேரா ட்யூப் வைக்கறது) போடறது தான் பத்திரம்.

சரி, இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஆபரேஷன் முடிவுல கையில மூணு வழி இருக்கு. அங்கயே முழிக்க வச்சு ட்யூபை எடுத்துடறது, மூக்கு ட்யூபோட ஐசியூவுல ஒரு ராத்திரி தூங்க வச்சுட்டு மறுநாள் எடுக்கறது, இல்ல கழுத்துல ட்ரக்கியாஸ்டமி. முன்னெல்லாம் ஃப்ளாப் போட்டா ட்ரக்கியாஸ்டமின்னு கண்ணை மூடிட்டு போடற இடங்கள் நிறைய இருந்தது, இப்போ தேவையில்லாம போடறதைக் குறைக்கணும்னு போயிட்டிருக்கு, அது நல்லது தான். ஏன்னா ட்ரக்கியாஸ்டமிக்கு விலை இருக்கு, ரத்தக் கசிவு, அடைப்பு, நெஞ்சுல சளி, முழுங்கறது தாமதமாகறது, பேச முடியாம கிடக்கறது, ஆஸ்பத்திரியில கூடுதல் நாள். ஆனா குறைக்கணும்ங்கற ஆர்வத்துல தேவைப்படற ஆளுக்கும் போடாம விட்டா அந்த விலை வேற மாதிரி.

என்ன வெட்டினாங்கங்கறது தான் முதல் கேள்வி. இங்க ரொம்ப பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு, தாடை எலும்புல பக்கவாட்டுல ஒரு துண்டு போறதும் முன்பக்க நடு வளைவு போறதும் ஒண்ணு இல்ல. நாக்கை முன்னாடி இழுத்துப் பிடிச்சிருக்கற தசைகள் அந்த நடு வளைவோட உள்பக்கத்துல தான் ஒட்டியிருக்கு. அது போயிடுச்சுன்னா நாக்குக்கு பிடிமானம் இல்ல, படுத்ததும் பின்னால சரிஞ்சு தொண்டையை அடைக்கும், ஃபிபுலா வச்சு அழகா தாடை கட்டியிருந்தாலும் முதல் சில நாள் அந்த நாக்கை நம்ப முடியாது. இந்த கேஸுக்கு நான் ட்ரக்கியாஸ்டமி கேட்பேன், விவாதமே பண்ண மாட்டேன். அடுத்தது நாக்குல எவ்வளவு போச்சு, அடிநாக்கு போச்சா, கழுத்து ஒரு பக்கமா ரெண்டு பக்கமா, ஃப்ளாப் எவ்வளவு கனம். குண்டான ஆளோட தொடை சதையை வாய்க்குள்ள வச்சா அதுவே பாதி இடத்தை அடைச்சுக்கும்.

இதையெல்லாம் மார்க் போட்டு கூட்டற ஸ்கோர்களும் இருக்கு, 2009-ல வந்த கேமரன் ஸ்கோர் அதுல ஒண்ணு, கட்டி இருக்கற இடம், தாடை எடுத்தது, ரெண்டு பக்க கழுத்து, ஃப்ளாப் இதை வச்சு கணக்கு போடும். நான் அதை கண்டிப்பா போட்டுப் பார்ப்பேன், ஏன்னா சர்ஜனும் நானும் ஒரே விஷயங்களைப் பத்தி பேச அது ஒரு தாளை நடுவுல வைக்குது. ஆனா அந்த ஸ்கோர் கேக்காத கேள்விகள் இருக்கு. ரேடியேஷன் வாங்கின கழுத்தா? தூக்கத்துல குறட்டை விட்டு மூச்சு நிக்கற ஆளா? நுரையீரல் எப்படி? ராத்திரி இவரை திரும்ப தியேட்டருக்கு கொண்டு வர வேண்டி வருமா? இந்த கடைசி கேள்வியை ரத்தக்குழாய் இணைச்ச சர்ஜன்கிட்ட நேரா கேட்பேன், ஃப்ளாப்ல ரத்தம் உறையற பிரச்சனை பெரும்பாலும் முதல் 2-3 நாளுக்குள்ள தான் வரும், இணைப்பு திருப்தியா இல்லன்னு அவர் முகத்துலயே தெரிஞ்சா நான் அன்னிக்கு ட்யூபை எடுக்க மாட்டேன். வீங்கின வாய்ல நடுராத்திரி ரெண்டாவது தடவை இன்டியூபேஷன் (ட்யூப் உள்ள போடறது) பண்ற நிலைமையை நாமளே ஏன் வரவழைச்சுக்கணும்.

எல்லாத்துக்கும் மேல, ராத்திரி யார் இருக்காங்க. ரெண்டு விதமான இடத்துலயும் வேலை பார்த்திருக்கேன். ஒரு இடத்துல ராத்திரி முழுக்க மயக்க டாக்டர் கட்டடத்துக்குள்ளயே இருப்பாங்க, ஐசியூவுல ஸ்கோப் இருக்கும், ட்ரக்கியாஸ்டமி பார்த்துப் பழகின நர்ஸ் இருப்பாங்க. இன்னொரு இடத்துல ராத்திரி 9 மணிக்கு மேல ஒரு ட்யூட்டி டாக்டர் தான், மத்தவங்க எல்லாம் ஃபோன் பண்ணா வீட்டுல இருந்து வரணும். பாதி நாக்கு எடுத்து மெல்லிசா முன்கை ஃப்ளாப் வச்ச, கழுத்து ஒரு பக்கம் மட்டும் தொட்ட, மத்தபடி ஆரோக்கியமான ஆளு, முதல் இடத்துல டேபிள்லயே ட்யூபை எடுத்துட்டு நிம்மதியா இருந்திருக்கேன், ரெண்டாவது இடத்துல அதே மாதிரி ஆளுக்கு ட்யூபோட அனுப்பியிருக்கேன். ரெண்டும் சரியான முடிவு தான்னு இன்னிக்கும் நினைக்கறேன். நோயாளி ஒண்ணு, ராத்திரி வேற. அதுலயும் அந்த இடத்துல ட்ரக்கியாஸ்டமி பார்த்துக்கத் தெரிஞ்ச நர்ஸ் வார்டுல இல்லன்னா ட்ரக்கியாஸ்டமி பத்திரம்ங்கற பேச்சே மாறிடும், அடைச்ச ட்யூபை கண்டுபிடிக்க ஆள் இல்லாத ரூம்ல அது பாதுகாப்பு கிடையாது.

இங்கிலாந்துல 2011-ல வந்த என்ஏபி-4ங்கற பெரிய ஆய்வை இந்தத் துறையில இருக்கற எல்லாரும் ஒரு தடவையாவது படிக்கணும். நாடு முழுக்க மூச்சுப்பாதையில நடந்த பெரிய விபத்துகளைத் திரட்டினாங்க, அதுல தலை-கழுத்து நோயாளிகள் ரொம்ப அதிகம், மயக்கத்தோட நடந்த சம்பவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ட்யூப் எடுக்கற நேரத்துலயோ அதுக்கு அப்புறமோ நடந்தது. அவசரத்துக்கு கழுத்துல ஊசி வழியா குழாய் போட்ட முயற்சிகள்ல 60 சதவீதம் பக்கம் தோத்துப் போச்சு. ஐசியூவுல நடந்த சாவுகள்ல பெரும்பாலானதுல கேப்னோகிராஃபி (வெளிய வர்ற மூச்சுல இருக்கற கார்பன் டை ஆக்சைடை காட்டற கருவி) இல்லாதது ஒரு காரணமா இருந்தது. இதுக்கப்புறம் அதே டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டியோட 2015 கைட்லைன்ல கழுத்து வழிக்கு கத்தி முறையை தான் வச்சாங்க, 10-ம் நம்பர் பிளேடு, பூஜி (ட்யூபுக்கு வழி காட்டற மெல்லிசான குச்சி), 6 சைஸ் கஃப் ட்யூப் (கஃப்னா ட்யூப் மேல காத்து ஏத்தற சின்ன பலூன்). இந்த மூணும் ஒரே கவர்ல பெட் தலைமாட்டுல தொங்கணும், அலமாரியில பூட்டி வச்சா பிரயோஜனமில்ல. ஃப்ளாப்போட ரத்தக்குழாய் கழுத்துல எந்தப் பக்கம் ஓடுதுன்னும் அந்த கவர் மேலயே எழுதி வைக்கச் சொல்லுவேன்.

மறுநாள் ட்யூப் எடுக்கற வழிக்கு வர்றேன், ஏன்னா நடைமுறையில நான் அதிகம் போறது இந்த வழியில தான். இதோட கெடுதல் தூக்க மருந்து, பிபி இறங்கும், பிபி இறங்கினா ஃப்ளாப்புக்கு ரத்தம் குறையும், அதனால திரவத்தை ஊத்தறாங்க, திரவம் ஊத்தினா வீக்கம் ஏறும். தேவைப்பட்டா பிபி ஏத்தற நார்அட்ரினலின் கொஞ்சமா ஓட்டலாம், ஃப்ளாப் செத்துடும்னு பயந்து லிட்டர் கணக்கா சலைன் ஏத்தறதை விட அது மேல். எடுக்கற நேரம் பகல்ல, சர்ஜன் பக்கத்துல, தியேட்டர் ரெடியா இருக்கணும், இதுல சமரசம் கிடையாது. கஃப் காத்தை இறக்கி பக்கத்துல காத்து கசியுதான்னு பார்க்கறது நல்ல பழக்கம், கசியலன்னா நிறுத்திடுங்க. ஆனா கசிஞ்சா எல்லாம் சரின்னு அர்த்தம் இல்ல, அந்த டெஸ்ட் குரல்வளை கிட்ட இருக்கற இடத்தை தான் சொல்லும், மேல வாய்க்குள்ள ஃப்ளாப்பும் அடிநாக்கும் எவ்வளவு வீங்கியிருக்குன்னு அது சொல்லாது, அதுக்கு ஸ்கோப் விட்டு கண்ணால பார்க்கணும். வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு குடுக்கறதா இருந்தா முந்தின நாள்ல இருந்தே குடுங்க, எடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஊசி போட்டா பெருசா பலன் இல்லன்னு அதே சொசைட்டியோட 2012 எக்ஸ்டியூபேஷன் (ட்யூப் எடுக்கறது) கைட்லைனே சொல்லுது, 12 மணி நேரமாவது மருந்து உடம்புல ஓடணும். ரொம்ப சந்தேகமான ஆளுக்கு ஏர்வே எக்ஸ்சேஞ்ச் கதீட்டரை (திரும்ப ட்யூப் போட வேண்டி வந்தா வழி காட்டற நீளமான மெல்லிசான குழாய்) உள்ள விட்டுட்டு அது மேல ட்யூபை உருவுவேன், அதோட நுனி மூச்சுக்குழல் பிரியற இடத்துக்கு மேலயே நிக்கணும், அது வழியா அழுத்தமா ஆக்சிஜன் அடிக்கவே கூடாது.

எடுத்ததுக்கு அப்புறம் பயப்பட வேண்டிய முதல் விஷயம் கழுத்துக்குள்ள ரத்தக்கட்டு. ஒரு நோயாளி நினைவுக்கு வர்றார், ட்யூப் எடுத்து நல்லா இருந்தார், சாயங்காலம் தலகாணியைத் தள்ளி விட்டுட்டு முன்னால குனிஞ்சு உக்காந்துக்கிட்டு படுக்கவே மாட்டேன்னு சைகை காட்டியிருக்கார், எச்சிலைத் துப்பிக்கிட்டே இருந்திருக்கார். ஆக்சிஜன் 98, ட்ரெய்ன் பாட்டில்ல (கழுத்துக்குள்ள இருந்து ரத்தம் வடிஞ்சு சேர்ற பாட்டில்) ரத்தமே இல்ல. அந்த நர்ஸ் நம்பரைப் பார்க்காம ஆளைப் பார்த்தாங்க, உடனே கூப்பிட்டாங்க, அதனால பிழைச்சார். ட்ரெய்ன் காலியா இருந்தா ரத்தம் இல்லன்னு நினைக்காதீங்க, ரத்தம் உறைஞ்சு குழாயை அடைச்சுட்டாலும் காலியா தான் இருக்கும். அமைதியில்லாம இருக்கறது, படுக்க முடியாதது, குரல் மாறறது, இதெல்லாம் முதல்ல வரும், கர்ர் சத்தம் அப்புறம், ஆக்சிஜன் நம்பர் விழறது கடைசி. மூச்சு திணறுதுன்னா தியேட்டர் போற வரைக்கும் காத்திருக்காம பெட்லயே தையலைப் பிரிச்சு ரத்தக்கட்டை வெளிய எடுக்கணும், ஃப்ளாப் குழாய் பக்கத்துல இருக்குன்னு தயங்கக் கூடாது, ஃப்ளாப்பை திரும்ப செய்யலாம். ரத்தக்கட்டை எடுத்தாலும் உள்ள இருக்கற வீக்கம் உடனே போகாது, ரத்தம் திரும்பிப் போக முடியாம தேங்கி வந்த வீக்கம் அது, ஸ்டீராய்டுக்கும் அடங்காது. அதனால சின்ன சைஸ் ட்யூப், இருக்கறதுலயே அனுபவமான கை, வீடியோ லாரிஞ்சோஸ்கோப் (கேமரா வழியா குரல்வளையைக் காட்டற கருவி), சர்ஜன் கையில கத்தியோட ரெடி.

ட்ரக்கியாஸ்டமி போட்ட ஆளுக்கு ஃப்ளாப் வார்டுல ஒரு தனி ஆபத்து இருக்கு. ட்யூபை கழுத்தைச் சுத்தி நாடாவால கட்டறது மத்த வார்டுகள்ல வழக்கம், இங்க அந்த நாடா ஃப்ளாப்போட வெயினை அழுத்தினா போச்சு. அதனால தோலோட வச்சு தைச்சுடுவோம், தலைமாட்டுல கழுத்துல எதுவும் கட்டாதீங்கன்னு போர்டு மாட்டுவோம், ஆக்சிஜன் மாஸ்க் எலாஸ்டிக் கூட அதுல அடக்கம். இன்னொரு போர்டும் வேணும், மேல் வழி, அதாவது வாய்-மூக்கு வழி, திறந்திருக்கா இல்லையாங்கறதுக்கு. குரல்வளையையே எடுத்த ஆளுக்கு மூக்குல ஆக்சிஜன் வச்சா நுரையீரலுக்கு ஒரு துளி கூட போகாது, கழுத்து ஓட்டை தான் ஒரே வழி. ட்ரக்கியாஸ்டமி மட்டும் போட்டவங்களுக்கு அவசரத்துல மூஞ்சி, கழுத்து ரெண்டுக்கும் ஆக்சிஜன் வைக்கணும். அடைச்சுக்கிட்டா முதல்ல உள் குழாயை உருவுங்க, பாதி பிரச்சனை அதுலயே தீரும், அப்புறம் சக்‌ஷன் கதீட்டர் இறங்குதான்னு பாருங்க, இறங்கலன்னா கஃப் காத்தை எடுங்க, அப்பவும் முடியலன்னா ட்யூபையே எடுத்துடுங்க. புது ட்ரக்கியாஸ்டமின்னா சர்ஜன் மூச்சுக்குழல்ல விட்டு வச்சிருக்கற நூல் நெஞ்சுல ஒட்டியிருக்கான்னு ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் பார்க்கணும், திரும்ப போடறப்போ அதை இழுத்தா தான் வழி தெரியும்.

பேஷன்ட்டுக்கு முன்னாடியே சொல்றதைப் பத்தி கண்டிப்பா சொல்லணும். ஒரு அம்மா, ட்ரக்கியாஸ்டமி எடுத்தப்புறம் சொன்னாங்க, வலி கூட பரவாயில்ல, யாரையும் கூப்பிட முடியலங்கறது தான் பயமா இருந்ததுன்னு. அதுக்கப்புறம் முந்தின நாளே குரல் வராது, தற்காலிகம் தான், மணி கையில இருக்கும்னு உக்காந்து சொல்றேன். எழுதத் தெரியுமான்னு கேக்கறேன், தெரியாதவங்களுக்கு வலி, சளி, தண்ணி, மூச்சு, மூத்திரம்னு படம் போட்ட அட்டை. ஒரு கையில ஃப்ளாப் எடுக்கப் போறோம்னா அது அவங்க எழுதற கையான்னு சர்ஜன்கிட்ட முன்னாடியே கேளுங்க. வீட்டு ஆளுங்களும் கூட இருக்கும்போது சொல்லணும், மறுநாள் முகம் வீங்கிப் போய் கழுத்துல குழாயோட பார்த்துட்டு அவங்க உடைஞ்சு போறதைப் பார்த்தா பேஷன்ட்டுக்கும் தைரியம் போயிடும்.

ட்ரக்கியாஸ்டமியை எடுக்கற பக்கம் அவசரம் வேண்டாம், சோம்பலும் வேண்டாம். முதல் தடவை அந்த ட்யூபை மாத்தறது வழக்கமா 5-7 நாள்ல, சர்ஜன் கையால. வீக்கம் இறங்கி, எச்சிலை சமாளிச்சு, நல்லா இருமி சளியை வெளிய தள்ள முடிஞ்சா கஃப் காத்தை இறக்கிப் பார்ப்போம், அப்புறம் பேசற வால்வ், கஃப் ஏத்தி இருக்கும்போது அந்த வால்வை மாட்டவே கூடாது, மூச்சு உள்ள போகும் வெளிய வராது. அப்புறம் மூடி வச்சு ஒரு ராத்திரி உட்பட கவனிச்சு, ஸ்கோப்ல மேல் வழியைப் பார்த்துட்டு காலையில எடுப்போம். ஓட்டை மேல ட்ரெஸ்ஸிங் போட்டு, பேசும்போதும் இருமும்போதும் ரெண்டு விரலால அதை அழுத்திக்கச் சொல்லிக் குடுப்போம், அப்படி அழுத்தினா காத்து பக்கவாட்டுல போகாம குரல் தெளிவா வரும், ஓட்டையும் சீக்கிரம் மூடும்.